ஊட்டி: பெரியப்பா விட்டுப்போன 23 ஸ்பூல் டேப், ஒரு பிஸ்கட் டின் நெகட்டிவ். என்ன செய்வது?

குன்னூர் டீச்சர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1967இல் அங்கே ஃபிலிம் தயாரிப்பு ஆரம்பித்தபோதே சேர்ந்துவிட்டார். கோட்டிங் பிரிவு. ஃபிலிமில் மருந்து பூசுகிற இடம், ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் வீண். அதனால் ஷிப்ட் முழுக்கக் கும்மிருட்டு. எதிரே வருவது யார் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். "எட்டு மணி நேரம் காதுதான் பாப்பா எனக்கு" என்பார். அந்தப் பழக்கமோ என்னவோ, ஊரைக் காலி செய்து போன ஒரு எஸ்டேட் துரையிடம் பழைய ஊஹர் டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு போகிற வகை, பேட்டரியில் ஓடும். இன்னொரு தோளில் யாஷிகா டி கேமரா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆள் வீட்டில் இருக்க மாட்டார். "கடைக்குப் போகப் பை எடுன்னா தோள் வலிக்குதுங்கிறார், இதுக்கு மட்டும் ரெண்டு தோளும் இருக்கு" என்று பெரியம்மா திட்டுவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போன வருடம் பெரியம்மாவும் போன பிறகு வீட்டை ஒழித்தோம். பரணில் 23 ஸ்பூல், எல்லாம் 5 அங்குலம். ஒரு பிஸ்கட் டின்னில் பட்டர் பேப்பரில் சுற்றிய நெகட்டிவ்கள். ஒரு 80 பக்க நோட்டு. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு வரி. மூன்று மட்டும் தருகிறேன்:

"3. ஹில்குரோவ். பின்னால் தள்ளும் இன்ஜின். 19. வீட்டில் 9.5. திருப்பி."

"9. முத்தோரை வேலிக் கம்பி. மேல்காற்று. கிராமபோன் முள் தலை. 19."

"14. தலைகுந்தா தாண்டி. பனி. 12 படம். 19."

முத்தோரை என்றால் அந்த 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் இருக்கிற சரிவு. 24 சட்டங்களில் 1,100 மெல்லிய ஸ்டீல் கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் காற்று என்ன செய்கிறது என்று கேட்க அவருக்குக் கொள்ளை ஆசை. உள்ளே விட மாட்டார்கள். அதனால் வெளியே சாலையோர வேலிக் கம்பியில் பழைய கிராமபோனின் முள் தலையைக் கட்டிப் பதிவு செய்திருக்கிறார். சின்ன வயதில் நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன். குளிரில் அழுததுதான் நினைவு.

குன்னூரில் பழைய டெக் வைத்திருக்கும் ஒருவர் தயவில் இரண்டு டேப் மட்டும் போட்டுக் கேட்டோம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மூன்றாம் எண்ணில் மலை ரயில் பாதி வேகத்தில் மூச்சு வாங்குகிறது. பிறகு அதே சத்தம் பின்னோக்கி. பிறகு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. ஊதல் சத்தம் சாவு வீட்டுச் சங்கு மாதிரி இறங்கிவிடுகிறது. பாதியில் ஒரு ஒட்டு பிய்ந்துபோக, பயந்து நிறுத்திவிட்டோம்.

ஒரு காப்பகத்துக்கு எழுதிப் பார்த்தேன். 1978 நவம்பர் மழையில் கேத்திப் பக்கம் மண் சரிந்த படங்களும் பழைய புல்வெளிப் படங்களும் போதும், "இரைச்சல் டேப்புகள்" வேண்டாம் என்று பதில். என் தம்பியோ, எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குகிற ஆள் நெகட்டிவையும் வெள்ளி எடுக்க எடைக்கு வாங்குவான் என்கிறான். அவனை விடுங்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது: டேப்பை எப்படிக் கணினிக்கு மாற்றுவது? இரண்டு ஸ்பூலில் புளிச்ச காடி வாடை அடிக்கிறது, அது என்ன? சில நெகட்டிவில் பூஞ்சை பிடித்திருக்கிறது. 14ஆம் ரோலில் 12 படமும் வெறும் சாம்பல்தான், அதையாவது தூக்கிப் போடலாமா? கடைசியாக, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: இதெல்லாம் இசையா, இல்லை பெரியப்பாவின் கிறுக்கா?


ஸ்பூல் தாத்தா, கோவை எழுதியது:

அம்மா, முதலில் எதையும் இனிமேல் ஓட்டாதீர்கள். வானொலியில் முப்பது வருடம் டேப் ஓட்டியவன் சொல்கிறேன்.

காடி வாடை அடிக்கும் இரண்டையும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வேறு அறையில் வையுங்கள். அது அசிடேட் டேப். அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் அசிடேட்டையும் கெடுக்கும். ஃபிலிமுக்கும் இதே வியாதி உண்டு, அதனால் பிஸ்கட் டின்னையும் முகர்ந்து பாருங்கள். ஸ்பூலை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வந்தால் அசிடேட், இருட்டாக இருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர். அசிடேட் இழுத்தால் சுத்தமாக அறுந்துவிடும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் அறுபடாமல் நீளும், நீண்டது நீண்டதுதான்.

டேப்பை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது 70, 80களின் சில அமெரிக்க டேப்புகளுக்கான வைத்தியம். அவற்றில் மருந்தைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும், 50 டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் வைத்தால் தற்காலிகமாக இறுகும். அசிடேட்டை அப்படிச் செய்தால் கதை முடிந்தது. உங்களுடையவை என்ன கம்பெனி? அட்டைப்பெட்டி இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். உங்கள் பெரியப்பா வெட்டி ஒட்டியவர். ஐம்பது வருடத்தில் ஒட்டு டேப்பின் பசை காய்ந்தோ வழிந்தோ போயிருக்கும், ஒவ்வொரு ஒட்டும் பிரியும். பிரிந்த துண்டை எந்தப் பக்கம் திரும்பி இருந்ததோ அதே பக்கமாகத்தான் ஒட்ட வேண்டும். தலைகீழாக ஓடும் துண்டைப் பார்த்ததும் "அடடா தப்பா ஒட்டிட்டார்" என்று நல்லெண்ணத்தில் நேராக்குகிற ஆட்களிடம் கொடுத்துவிடாதீர்கள். நோட்டில் "திருப்பி" என்று எழுதியிருக்கிறாரே, அது தப்பில்லை, வேண்டுமென்று செய்தது.

வேகம்: நோட்டில் 19, 9.5 என்று இருப்பது விநாடிக்கு எத்தனை செ.மீ. டேப் ஓடுகிறது என்பது. 5 அங்குல ஸ்பூலில் 270 மீட்டர் லாங் பிளே டேப் சுற்றியிருந்தால் 19 செ.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 24 நிமிடம் வரும். 19இல் பதிந்ததை 9.5இல் ஓட்டினால் நேரம் இரண்டு மடங்கு, சுருதி ஒரு ஸ்தாயி கீழே. உங்கள் ரயில் ஊதல் சங்கானது அதனால்தான். எந்த வேகத்தில் ஓட்டுவது என்று சந்தேகம் வந்தால் கரண்ட் உறுமலைத் தேடுங்கள். வீட்டில் இரண்டு மெஷின் வைத்து நகல் எடுத்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அடியில் ஏறியிருக்கும். கணினியில் அது 100 ஆகத் தெரிந்தால் நீங்கள் இரட்டை வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். வெளியில் பேட்டரியில் பதிந்ததில் இந்த உறுமல் இருக்காது. ஆக, எது மலையில் பதிந்தது, எது வீட்டு மேஜையில் செய்தது என்பதும் பிடிபட்டுவிடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும், டேப்பைப் படிக்கிற ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்த பிறகு ஒரே ஓட்டமாக. இரைச்சல் நீக்கும் மென்பொருள் பக்கமே போகக் கூடாது. அந்த மென்பொருளுக்குக் காற்றும் இரைச்சல்தான், மழையும் இரைச்சல்தான். சுத்தம் செய்து முடித்தால் பெரியப்பாவில் பாதி காணாமல் போயிருப்பார்.


மேட்டுப்பாளையம் 77 எழுதியது:

தப்பா நினைக்காதீங்க டீச்சர். புகைப்படம் சரி, வரலாறு. காற்றுச் சத்தத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு? காற்று இன்றைக்கும்தானே அடிக்கிறது? போய்ப் புதிதாகப் பதிந்துகொண்டால் போச்சு.


அரைச்செவி எழுதியது:

77, அதே கேள்வியைப் படத்துக்கும் கேட்கலாமே. மலை இன்றைக்கும் அங்கேதானே இருக்கிறது?

டீச்சர், கிறுக்கு என்றால் நல்ல கூட்டத்தில் சேர்ந்த கிறுக்கு. 1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர் பத்திஞோல் ரயில் நிலையத்தில் இன்ஜின் சத்தங்களைப் பதிந்து, வெட்டி, திருப்பி, வேகம் மாற்றி ஒரு படைப்பு செய்தார். உலகத்தில் பதிவு செய்த ஒலிகளைக் கொண்டே கட்டிய இசை அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். அப்போது அவர் கையில் டேப்கூடக் கிடையாது, இசைத்தட்டுகளை வைத்தே செய்தார். உங்கள் பெரியப்பா ஹில்குரோவில் நின்று செய்தது அதே வேலை. அவருக்கு அது தெரிந்திருந்ததா, தானாகத் தோன்றியதா என்பது நோட்டில் ஏதாவது இருந்தால் தெரியும். எனக்கென்னவோ இருட்டறைதான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்று படுகிறது. பார்க்க முடியாத இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்குச் சத்தம் பொருளாகவே தெரிய ஆரம்பித்துவிடும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைஸரை (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர் போன்றவர்கள் 1972 வரை அதில் வேலை செய்தார்கள். அப்புறம் அந்த டேப்புகள் அங்கேயே பல பத்தாண்டுகள் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்கஸ் போய்த் தேடியபோது 27 ஸ்பூல்கள் கிடைத்தன. அவை சீர்செய்யப்பட்டு, 2023இல் ஒரு தொகுப்பு இசைத்தட்டாகவே வந்தது. பெரிய நிறுவனத்துக்குள்ளேயே நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பரணில் கிடந்ததற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நோட்டில் கோத்தர் ஊர், தோடர் மந்து (குடியிருப்பு), படுகர் சாவுச் சடங்கு என்று ஏதாவது எண் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் இணையத்தில் ஏற்றாமல் தனியே வையுங்கள். அந்த ஊர்க்காரர்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசித்தவரின் பேரன் அங்கேயே இருக்கக்கூடும்.


செண்பகனூர் எழுதியது:

அக்கா, 14ஆம் ரோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான் கொடைக்கானலில் பழைய படங்களை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கிற வேலையைப் பத்து வருடமாகச் செய்கிறேன். யாரும் சம்பளம் தருவதில்லை. இடம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: படத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு பாறை, தூரத்து மலை முகட்டின் எந்தப் புள்ளியை மறைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இடம் வலமாக நகர வேண்டும். மரம் வளரும், வீடு வரும், முகடு மட்டும் அசையாது. பெரிஜம் பக்கம் இப்படி நிற்கப் போனால் பல இடத்தில் முகடே தெரியாது. 1970களின் செயற்கைக்கோள் படத்தில்கூடப் புல்வெளியாக இருந்த இடங்களில் இன்று சீகையும் (வாட்டில் மரம்) பைனும் நெருக்கி நிற்கின்றன. உங்கள் ஊட்டிச் சரிவுகளிலும் இதுதானே நிலைமை.

77க்கும் இதுதான் பதில். காற்று இன்றைக்கும் அடிக்கிறது, ஆனால் புல்லில் அடிப்பதும் சீகையில் அடிப்பதும் கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) அடிப்பதும் ஒரே சத்தமா? நீலகிரி நெட்டைக்காலி புல்வெளியில் மட்டும் வாழ்கிற சின்னப் பறவை. புல் போனால் அதன் குரலும் போய்விடும். பெரியப்பா எண்ணிட்டு வைத்திருக்கிற டேப்பில் அது இருந்தால், அதே எண் படத்தில் புல்வெளி எதுவரை இருந்தது என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அதற்கு மதிப்பு. படத்தை ஒரு இடத்துக்கும் டேப்பை இன்னொரு இடத்துக்கும் கொடுத்தால் நோட்டு யாருக்கும் புரியாது. கொடுப்பதாக இருந்தால் மூன்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறவர்களுக்கே கொடுங்கள். ஒலிக்கென்றே 1982இல் தொடங்கிய இன இசையியல் காப்பகம் இப்போது டெல்லி பக்கம் குருகிராமில் இருக்கிறது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய படத் தொகுப்பு இருக்கிறது. எழுதிக் கேட்கலாம், ஆனால் பிரித்துத் தருவதில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சாம்பல் படம் என்கிறீர்கள். எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு தட்டைத் தனியே பார்த்தால் வெறும் வட்டம், சில புள்ளிகள், அவ்வளவுதான். வரிசையாக வைத்தால் நூறு வருடச் சூரியன். இப்போது எல்லாம் கணினிக்கு மாறியிருக்கிறது.

பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று அதைக் கரையும்படி ஆக்கிவைத்திருக்கும், தண்ணீர் பட்டால் படமே வழிந்து வந்துவிடும். உங்கள் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். ஓரத்து எண், எழுத்து எல்லாம் தெரிகிற மாதிரி முழு நெகட்டிவையும் ஸ்கேன் பண்ணுங்கள். பட்டர் பேப்பரில் பென்சில் குறிப்பு இருந்தால் அதையும்.


குன்னூர் டீச்சர் எழுதியது:

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். நடுவில் பத்தாம் வகுப்புத் தேர்வு.

ஸ்பூல் தாத்தா ஐயா தன் வீட்டிலேயே வைத்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். நாலு தடவை கோவைக்கு இறங்கினேன், ஒவ்வொரு தடவையும் சோறு போட்டு அனுப்பினார்கள். பெரும்பாலும் பாஸ்ஃப் (BASF) கம்பெனி டேப், பிசுபிசுப்பே இல்லை. காடி வாடை அடித்த இரண்டில் ஒன்று பிழைத்தது. இன்னொன்று ஓரமெல்லாம் சுருங்கி அலையாகிவிட்டது, நாலு நிமிடம்தான் கிடைத்தது. மூன்றாம் எண்ணில் மட்டும் 61 ஒட்டு. ஐயா ஒவ்வொன்றையும் ஒட்டுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

21ஆம் எண் கோத்தர் ஊர் அய்யனோர் அம்மனோர் திருவிழா. அரைச்செவி சொன்னபடி அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஊருக்கு எடுத்துப் போனேன். ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தாளம் போடுகிறவர் யார் என்று சொன்னார். பிரதி ஒன்று அவர்களிடம் இருக்கிறது, மற்றதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

நான் எழுத வந்தது 14ஆம் எண்ணைப் பற்றி.

டேப் 23 நிமிடம் 40 விநாடி. பனியில் என்ன சத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இலையிலிருந்து சொட்டுகிறது. ரொம்ப தூரத்தில் கூடலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே மேடு ஏறுகிறது, அது வளைவில் திரும்பும்போதெல்லாம் அறுந்து அறுந்து வருகிறது. ஆறாவது நிமிடத்தில் ஒரு சின்ன 'டிக்'. உடனே ஒரு 'கிர்ர்'. நான் ஒட்டுச் சத்தம் என்று நினைத்தேன். ஐயா தலையை ஆட்டினார், இந்த டேப்பில் ஒட்டே கிடையாது, ஒரே துண்டு என்றார். மறுபடி டிக், கிர்ர். நான் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு.

யாஷிகாவின் ஷட்டர் அது. கிர்ர் என்பது ஃபிலிமைத் திருகி அடுத்த படத்துக்கு நகர்த்துவது. மைக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். இப்போது அந்தச் சாம்பல் படங்களை வரிசையாகத் திரையில் வைத்து, டிக் வரும் விநாடியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறேன். நாலாவது படத்தில் இடது மூலை கொஞ்சம் கறுக்கிறது. அந்த டிக்குக்கு முன்னால்தான் சொட்டுச் சத்தம் நெருங்கி வந்திருக்கிறது, அதனால் அது மரம். ஒன்பதாவதில் ஒரு கோடு, பஸ் ஹாரன் திரும்பும் இடம். வெறுமனே நெகட்டிவைப் பார்த்தபோது இது எதுவும் எனக்குத் தெரியவில்லை. மற்ற டேப்புகளிலும் ஐயா தேடிப் பார்த்தார். இன்னும் எட்டில் ஷட்டர் கிடைத்திருக்கிறது.

அந்தப் பழைய காப்பகத்துக்கு நான் மறுபடி எழுதவில்லை. வேறு இரண்டு இடத்துக்கு மூன்றையும் சேர்த்துத் தருவதாக எழுதியிருக்கிறேன், ஒரு இடத்திலிருந்து நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. தம்பி இப்போது எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்கும் 14தான் காரணம்.

ஏனென்றால் பன்னிரண்டோடு முடியவில்லை. இருபத்தோராம் நிமிடத்தில் பதின்மூன்றாவதாக ஒரு டிக் இருக்கிறது. அந்த கேமராவில் ஃபிலிம் தீர்ந்தாலும் ஷட்டர் விழும். கிர்ர் வரவில்லை. கொஞ்ச நேரம் வெறும் சொட்டு. அப்புறம், 23 டேப்பிலும் ஒரே ஒரு தடவை, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், பெரியப்பா:

"அடச்சே. ரோல் முடிஞ்சிருச்சா."